கடைசித் தேர்வுக்கு மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, தேர்வுக்கு முந்தைய நாட்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன், கடைசித் தேர்வுக்கு மறுநாள் தொடங்கி முடிவு வெளியாகும் நாள் வரையிலான காலத்தையும் சேர்த்தே பேசுவேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசுப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள் நான். மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு மாணவியின் விஷயத்தில் நான் செய்த தவறுக்குப் பிறகு, மனநல மருத்துவர்களிடமும் ஆலோசகர்களிடமும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டதை, அழைத்த இடங்களிலெல்லாம் சொல்லி வருகிறேன். பேச்சின் முடிவில் ஒரு தொலைபேசி எண் சொல்லுவேன். அடுப்படியில் வேலையாக இருப்பவர்கள் இப்போதே ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நாளைக்குக் கணக்குத் தேர்வு என்றால் இன்று இரவு வயிறு பிசைவதையும் நாம் மன அழுத்தம் என்கிறோம். மாதக்கணக்கில் ஒருவரை முடக்கிப்போடும் நோயையும் மன அழுத்தம் என்றே சொல்லிவிடுகிறோம். பத்திரிகைகளிலும் இரண்டுக்கும் இந்த ஒரே சொல் வருவதைப் பார்க்கிறேன். மருத்துவர்கள் பின்னதை மனச்சோர்வு என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஒரே பெயரை இரண்டுக்கும் இட்டதால் வரும் கேடு என்னவென்றால், நோயோடு வந்து நிற்கும் பிள்ளையிடமும் நாம், எல்லாருக்கும் இருப்பதுதானே, பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

அழுத்தம் என்பது அளவோடு இருந்தால் வேண்டியதுதான். சைக்கிள் சக்கரத்தில் காற்றே இல்லையென்றாலும் வண்டி ஓடாது, அளவுக்கு மீறி அடைத்தாலும் டியூப் வெடிக்கும். 1908ஆம் ஆண்டிலேயே எர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் ஏறக்குறைய இதைத்தான் கண்டார்கள்: கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிதமான தூண்டுதலே உதவியது, அது மிகுந்தபோது கற்றல் கெட்டது. தேர்வுப் பதற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு கடைசித் தேதியும் இருக்கிறது. வேதியியல் தேர்வு முடிந்த மதியம் வேதியியல் பயம் போய்விடும். பிள்ளை பசிக்கிறது என்று கேட்கும், தோழியோடு சிரிக்கும். மனச்சோர்வு அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில் மனம் இருண்டு கிடப்பது, அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. அதனோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவை மாறிப்போவது. தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் வருவது. இவையே மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள். வளரிளம் பருவத்தில் துக்கத்துக்குப் பதிலாக எரிச்சலும் கோபமுமாக அது வெளிப்படலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திமிர் என்று நாம் திட்டுவது சில வேளைகளில் நோயாக இருக்கும்.

இனி அந்த மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அழகர்கோயில் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் மல்லிகை. விடிவதற்கு முன் அம்மாவோடு மொட்டுப் பறித்துவிட்டு, அப்பா பூவை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு எடுத்துப்போன பிறகு, குளித்துப் பேருந்து ஏறிப் பள்ளிக்கு வருவாள். பன்னிரண்டாம் வகுப்பு. முதல் திருப்புதல் தேர்வு வரை வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தவள், இரண்டாம் திருப்புதலில் சறுக்கினாள். படித்ததே படித்தது போல இல்லை டீச்சர், ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிக்கிறேன் என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் அவள் தோளைத் தட்டி, பயப்படாதே, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றேன். இரண்டு நிமிடம் கூட அவளை உட்கார வைத்துக் கேட்கவில்லை. விடைத்தாள் கட்டு மேசையில் காத்திருந்தது.

அவள் எல்லாத் தேர்வையும் எழுதினாள். எதையும் விடவில்லை. பார்த்தவர்களுக்குச் சிரமமே தெரிந்திருக்காது. சித்திரைத் திருவிழா வந்தது. உங்களுக்குத் தெரியும், அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும் வழியில் எத்தனை மண்டகப்படிகள், அந்த இரவில் அந்தச் சாலையோரத்து ஊர்களில் யார்தான் தூங்குவார்கள். பிறந்த நாளிலிருந்து ஓர் ஆண்டும் தவறாமல் அழகரைப் பார்த்த பிள்ளை, அந்த ஆண்டு சாமி ஊர் வாசலுக்கு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய அம்மாவை அதற்குப் பிறகு ஒரு நாள் பள்ளி வாசலில் பார்த்தேன். "பரீட்சை முடிஞ்சா சரியாப்போகும்னு நெனச்சேன் டீச்சர். முடிஞ்சு ஒரு மாசமாச்சு. ரெண்டு கிலோ மொட்டுப் பறிக்கிற புள்ள, முக்கால் கிலோவுக்கு மேல முடியாம பாத்தியிலயே உக்காந்திருது" என்றார். அந்தத் தாய் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறார். நான் முப்பது பேரின் விடைத்தாளை நிறுத்துக்கொண்டிருந்தேன், இதைப் பார்க்கவில்லை.

அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாங்கள் மூவருமாகப் போனோம். தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனச்சோர்வு தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தாளே, அது பயமல்ல, நோயின் அடையாளம். தேர்வு இருந்தபடியால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தேர்வு ஒரு போர்வையைப் போல நோயை மூடிவிடுகிறது. தூக்கம் இல்லையா, தேர்வு, சாப்பிடவில்லையா, தேர்வு, அழுகிறாளா, தேர்வு. போர்வையை விலக்கிப் பார்க்கும் நாள் கடைசித் தேர்வுக்கு மறுநாள். அன்று தொடங்கி இரண்டு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். கிரிக்கெட் மட்டையை எடுக்கிறானா, சித்தி வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாளா, பிடித்த குழம்பை இன்னும் கொஞ்சம் கேட்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தது பிடித்தபடியே இருந்தால் பெரும்பாலும் அது பதற்றம்தான், அது வடிந்துவிடும்.

பதற்றம் மனச்சோர்வாக முற்றுவதும் உண்டு, மனச்சோர்வு பதற்றத்தைக் கிளப்புவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருபுறமும் திறக்கும் கதவு இருக்கிறது. நாள்பட்ட அழுத்தத்தில் உடல் கார்டிசால் என்ற சுரப்பைக் கூடுதலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது, தூக்கம் குலைகிறது, தூக்கம் குலைந்தால் மனநிலை தாழ்கிறது. மறுபுறம், மனச்சோர்வு கவனத்தைக் குறைப்பதால் படித்தது நிற்பதில்லை, நிற்காததால் தேர்வு பூதமாகத் தெரிகிறது. ஒரு பாடத்தில் குறைந்த மதிப்பெண்ணை நான் மக்கு என்று தனக்கே தீர்ப்பாக எழுதிக்கொண்டு, அதையே இரவெல்லாம் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தக் கதவு மிக எளிதாகத் திறந்துகொள்கிறது.

ஆகவே தேர்வுக்கு முந்தைய நாட்களில் நான் முதலில் காக்கச் சொல்வது தூக்கத்தை. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டு நான்கு மணிக்கு எழுந்துவிடும் பிள்ளைக்குப் படித்ததைப் பதித்துவைக்கும் வேலை சரியாக நடப்பதில்லை, ஏனென்றால் மூளை அந்த வேலையின் பெரும்பகுதியைத் தூக்கத்தில் செய்கிறது. அடுத்தது, திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்பவர்கள் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். நமக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்து நிற்பதுதானே. தேர்வு அறையில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்து, அதை வாசிக்க மட்டும் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளைகள் தெரியாத கேள்வியைத் தேடுவதில் செலவழிக்கிறார்கள். என் மாணவிகளிடம், தெரிந்த கேள்விகளை மட்டும் கண்ணால் குறித்துக்கொண்டே வா என்பேன். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். படபடப்பு கொஞ்சம் தணியும்.

இவையெல்லாம் பதற்றத்துக்கு உதவும். மனச்சோர்வுக்கு இவை போதாது, இதையும் திரும்பச் சொல்கிறேன், போதாது. காய்ச்சல் நூற்றிரண்டு அடிக்கும் பிள்ளையை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்ல மாட்டோம். மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்து உண்டு. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பலிக்கவில்லை என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்த மாணவி ஆறு வாரத்தில் மறுபடி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முழுதாகத் தேற மேலும் பல மாதங்கள் ஆயின.

இன்னொரு பயத்தையும் விட்டுவிட வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று பிள்ளையிடம் கேட்டால், நாமே அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆகாது, பரிவோடு நேராகக் கேட்பது பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். முடிவு வெளியாகும் நாளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு கைவிட்டது. அந்த வழக்கத்தை நம் வீட்டுக் கூடத்திலும் கைவிடலாம். அன்று காலை பெரியப்பாவும் அத்தையும் எத்தனை மார்க் என்று கேட்டு அழைக்கும்போது, கைபேசியைப் பெற்றோர் எடுத்துப் பேசுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். தோற்ற பாடத்துக்குத் துணைத்தேர்வு ஓரிரு மாதத்திலேயே வருகிறது, தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். இதை முடிவு வருவதற்கு முன்பே, முதல் நாள் இரவே, சாப்பிடும்போது சொல்லிவிடுங்கள். இனி அந்த எண். டெலி மானஸ், மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இரவும் பகலும் தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம்: 14416. எழுதிக்கொள்ளுங்கள், ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.