கரட் கூடையும் பின் இருக்கையும்: மலைநாட்டுக்கு எந்த டபுள் கெப்?

[காட்சி: கந்தப்பளை, விடிவதற்கு முன். கழுவிய கரட் கூடைகள் அடுக்கியிருக்கின்றன. பக்கத்தில் பின்கதவு திறந்த டபுள் கெப்.]

வணக்கம். கெப் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். இன்று நான் அளவு நாடாவும் இரண்டு வெற்றுக் கூடைகளும் கொண்டுவந்திருக்கிறேன். தோட்டத்து வீடுகளில் கெப் என்பது காலையில் மரக்கறி வண்டி. இரவில் யாருக்காவது நோவு வந்தால் அதுதான் ஆஸ்பத்திரி வண்டி. இரண்டு வேலைக்கும் அது பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

முதலில் பின்பெட்டி. டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, இசுசு டி-மேக்ஸ், நிசான் நவாரா எதுவானாலும், இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கெப்பின் பெட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். முன் இருக்கை மட்டும் உள்ள சிங்கிள் கெப்பில் அது 2.3 மீட்டர் அளவுக்குப் போகும். பின் இருக்கைக்கு நாம் கொடுக்கும் விலை அந்த 80 சென்டிமீட்டர்.

[காட்சி: கூடையைச் சக்கர மேடுகளுக்கு நடுவே வைக்கும் கைகள்.]

இங்கே கவனியுங்கள். இந்தப் பிளாஸ்டிக் கூடை 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம். பெட்டிக்குள் இரண்டு பக்கமும் சக்கரத்துக்காக எழும்பி நிற்கும் மேடுகளுக்கு இடையில் பெரும்பாலான கெப்களில் 110 சென்டிமீட்டர் அளவுதான் கிடைக்கும். இரண்டு கூடைகளை நீளவாக்கில் சேர்த்து வைக்க 120 வேண்டும். ஆகவே ஒன்றைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் பக்கத்தில் இடைவெளி விழும். வளைவில் அந்த இடைவெளிக்குள் கூடை ஆடும், கரட் உடையும். 2022 இல் வந்த ஃபோர்ட் ரேஞ்சரை 50 மில்லிமீட்டர் அகலமாக்கி, மேடுகளுக்கு இடையில் 122 சென்டிமீட்டர் கொடுத்தார்கள். ஐரோப்பியச் சரக்குப் பலகைக்காகச் செய்ததுதான். நம் கூடைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

கழுவிய கரட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். பெட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் உறையின் அடியில் அது தேங்கி, தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் உறையைத் தூக்கி மூலைகளைப் பாருங்கள். கொக்கிகளை அசைத்துப் பாருங்கள். லீக்ஸை மேலே அடுக்கிப் படங்கு கட்டி இறம்பொடை இறக்கத்தில் இறங்கும்போது அந்தக் கொக்கிகளை நம்பித்தான் போகிறோம்.

‘ஒரு டன் சுமக்கும்’ என்ற பேச்சில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. அதில் ஆட்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ அளவு அங்கேயே போய்விடும். கோவா மூட்டைகளைப் பின்கதவு ஓரமாகக் குவிக்கவும் வேண்டாம். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன் சக்கரம் இலேசாகும். ஏற்ற வளைவில் ஸ்டியரிங் பிடி தளரும். கனமானது கெபினை ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும்.

[காட்சி: லயத்துப் பாதை. பின் இருக்கையில் வயதான பெண் ஒருவர் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார்.]

இனி இருக்கை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கெப்பின் பின் இருக்கை பொதுவாகத் தாழ்ந்திருக்கும். முழங்கால் மேலே எழும்பும், முதுகு நிமிர்ந்தே நிற்கும். நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் அவர் முகம் வாடிவிடும். எல்200 இந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறது: பின் சாய்வு 25 பாகை. ஹைலக்ஸில் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடிக்கலாம். அரிசி மூட்டையை நனையாமல் உள்ளே வைக்க அது உதவும்.

குலுக்கலுக்குக் காரணம் ஸ்பிரிங். ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் மூன்றிலும் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய இரும்புப் பட்டைகள். பாரம் ஏறினால் அமைதி, வெறுமையாக ஓடினால் தூக்கிப் போடும். 2014 இல் அறிமுகமான நவாராவின் டபுள் கெப்பில் சுருள் வடிவக் கொயில் ஸ்பிரிங் போட்டார்கள். நோயாளிக்கு அது இதம். ஆனால் பாரத்தில் பின்புறம் அமர்ந்துவிடுகிறது என்ற முறைப்பாட்டால் அவுஸ்திரேலியாவில் அதைப் பின்னர் இறுக்கமாக்கினார்கள். நவாரா பார்க்கிறவர்கள் கூடைகளை ஏற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

திரும்பும் ஆரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 இல் வந்த எல்200க்கு 5.9 மீட்டர், அதே காலத்து ஹைலக்ஸுக்கு 6.4 அளவு. ஒரே வீச்சில் திரும்புவதா, பள்ளத்தின் விளிம்பில் பின்னெடுத்துத் திரும்புவதா என்பதைத் தோட்டத்து முடக்குகளில் அந்த அரை மீட்டர்தான் முடிவு செய்யும்.

என் தேர்வு: தினமும் சந்தைக்குக் கூடை ஏற்றுகிறவருக்கு ரேஞ்சர், வீட்டில் பெரியவர்கள் இருந்து, பாதையும் குறுகலாக இருந்தால் அந்த எல்200. வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். பின் இருக்கையில் கால் மணி நேரம் உட்காரட்டும்; பிறகு விலையைப் பேசுங்கள்.