பாராசூட் ஃப்ளை கட்ட எந்தத் தூண்டில் முள் நல்லது?

[காட்சி: ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பக்கத்தில் இரண்டு ஃப்ளைகள்.]

வணக்கம். இந்த இரண்டு ஃப்ளைகளும் ஒரே அளவு, ஒரே இறகு, ஒரே நிறம். முதலாவதை ஒரு முழம் உயரத்திலிருந்து தண்ணீரில் போடுகிறேன். நிமிர்ந்து நிற்கிறது. மறுபடி போடுகிறேன், மறுபடியும் அப்படியே. இப்போது இரண்டாவது. பாருங்கள், பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கட்டியதில் குறை எதுவும் இல்லை. இதற்கு நான் எடுத்த முள்ளின் கம்பி மிக மெல்லியது, அவ்வளவுதான்.

ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. மிதக்கும் வகையில் சாதாரணமாக இறகை முள்ளின் தண்டைச் சுற்றிக் கட்டுவார்கள். அந்த இறகின் நுனிகள் ஃப்ளையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும். பாராசூட் வகை அப்படியல்ல. தண்டின் மேல் ஒரு சிறிய கம்பம் நிற்கும். இறகு அந்தக் கம்பத்தின் அடியில், குடை விரித்த மாதிரி படுக்கையாகச் சுற்றியிருக்கும். அதனால் பூச்சியின் உடம்பு நேராகத் தண்ணீரைத் தொடும், முள்ளின் வளைவு கீழே தொங்கும்.

[காட்சி: டம்ளரைப் பக்கவாட்டில் மிக அருகில்.]

இந்த வளைவைப் பாருங்கள். படகுக்கு அடியில் ஓடும் ஏராக்கட்டை செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது. மேலே கம்பத்தின் எடை, கீழே முள்ளின் எடை. கீழ் எடை ஜெயித்தால் ஃப்ளை நிமிரும். ஆகவே, ‘மிதக்கும் ஃப்ளையா, இருப்பதிலேயே மெல்லிய கம்பியை எடு’ என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. பெட்டியில் ‘1எக்ஸ் ஃபைன்’ என்று போட்டிருந்தால், வழக்கமான கம்பியைவிட ஒரு படி மெல்லியது என்று பொருள். பாராசூட்டுக்கு அதுவே போதும், சாதாரணக் கம்பிகூடப் பரவாயில்லை. அதற்கும் மெல்லியதை எடுத்தால் ஃப்ளை சாய்வது ஒரு பக்கம். கனமான மீன் இழுக்கும்போது முள்ளின் வளைவு நிமிர்ந்துவிடும் ஆபத்து இன்னொரு பக்கம்.

கம்பத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கன்றுக்குட்டி முடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும், ஆனால் கனம். 12, 14 அளவு முள் அதைத் தாங்கும். 18க்குப் போனால் பாலிப்ரொப்பிலீன் நூலுக்கு மாறிவிடுங்கள். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எண் கூடக் கூட முள் சிறிதாகும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

[காட்சி: நேரான தண்டுள்ள முள், வளைந்த தண்டுள்ள முள், பக்கத்தில் பக்கம்.]

1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே என்பவர் ஒரு ஃப்ளை கட்டினார். போர்ட்மன் ஆற்றில் அதை முதலில் வீசிப் பார்த்த நண்பர் சார்ல்ஸ் ஆடம்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதன் பாராசூட் வடிவம்தான் பாராசூட் ஆடம்ஸ். சிறகு விரிந்து, தண்ணீர்மேல் மட்டமாக உட்கார்ந்திருக்கும் மேஃப்ளை என்ற பூச்சியை அது காட்டுகிறது. மட்டமாக உட்கார நேரான தண்டு வேண்டும். வழக்கமான நீளம், அகலமான வாய் (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி), அளவு 14. முதல் பெட்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

1984இல் நார்வேயின் க்ளொம்மா ஆற்றங்கரையில் ஹான்ஸ் வான் க்ளிங்கன் என்ற டச்சுக்காரர் வேறு ஒரு கணத்தைப் பிடிக்க நினைத்தார். பூச்சி கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நேரம் அது. தலைப்பகுதி மேலே வந்துவிட்டது, பின்னுடம்பு இன்னும் தண்ணீருக்குள் தொங்குகிறது. மீனுக்கு அதைவிட எளிதான இரை ஏது? அந்தத் தொங்கலைக் கொண்டுவர நேரான தண்டால் முடியாது. நீண்டு வளைந்த முள்ளில் கட்டினார். க்ளிங்ஹாமர் என்று இன்று உலகமே கட்டுவது அதைத்தான். இங்கே கம்பி கொஞ்சம் தடித்திருந்தால் நல்லதே; பின்னுடம்பு மூழ்கத்தானே வேண்டும்.

வளைந்த முள்ளை வைஸில் (கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) மாட்டும்போது, தூண்டில் நூலைக் கட்டும் துளையான காதுக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டமாக வரும்படி சாய்த்து மாட்டுங்கள். கம்பம் அங்கேதான் நிற்கப்போகிறது. நான் ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் கட்டியவை எல்லாம் முன்பக்கம் குனிந்தே மிதந்தன.

ஊசிக்கு இருப்பது போல முள்ளுக்கும் காது உண்டு. கீழ்நோக்கிச் சாய்ந்த காது பெரிய அளவுகளில் ஒரு தொந்தரவும் தராது. 18ஐவிடச் சிறிய முட்களில் அது முள்ளின் வாயைக் கொஞ்சம் மறைக்கும், அங்கே நேர்க்காது எடுங்கள்.

[காட்சி: கட்டைவிரல் நகம், மிக அருகில்.]

முள்முனையை நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, கவ்வினால் கூர்மை. அப்புறம் வைஸில் இறுக்கி, விரலால் சுண்டுங்கள். நல்ல முள் அதிர்ந்து பழைய இடத்துக்கே வரும். வளைந்தபடியே நின்றால் அந்தப் பெட்டியை வைத்துக் கட்டாதீர்கள்.

கடைசியாக, முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன எதிர்முள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அது இல்லாத முள்தான் அனுமதி. மீனைத் திரும்ப விடப்போகிறோம் என்றால் எங்கேயும் அதுவே சரி, வாய் கிழியாமல் கழற்றலாம். எதிர்முள் இல்லாமலே விற்பதை வாங்குங்கள். இல்லையென்றால் குறடால் நசுக்கிவிடுங்கள், ஆனால் கட்டுவதற்கு முன்னால். நசுக்கும்போது சில முட்கள் முனையோடு உடையும். கட்டி முடித்த பிறகு உடைந்தால் அரைமணி நேர வேலை வீண்.

[காட்சி: குறடு, ஒரு சின்ன ‘டிக்’ சத்தம். முள் வைஸில் ஏறுகிறது.]

இது உடையவில்லை. நூலை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.