எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். காய்ந்த எண்ணெயில் ஈரக் கையோடு அப்பளம் போட்டவர்களுக்கு அந்தச் சடசடப்பு தெரியும். சமையல் எண்ணெயிலிருந்தும் செய்யக்கூடிய எரிபொருளான பயோடீசலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை அறிவியல் மன்றப் பிள்ளைகள், வடை சுட்ட எண்ணெயில் டீசல் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். சிங்கப்பூர்த் தேக்காவில் எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் ஒரு தகரம் பழைய எண்ணெய் கேட்டேன். "அண்ணே, இதை ஊற்றி லாரியா ஓட்டப்போகிறீர்கள்?" என்று சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லையாம், அவ்வளவு சீராக ஓடியது. ஆனால் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. இன்றைய எஞ்சினில் அப்படியே ஊற்றினால் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதை இளக்க வேண்டும்.

எப்படி? ஒரே காம்பில் மூன்று காய்கள் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் அமைப்பு அதுதான். மெத்தனால் என்ற ஒரு வகை ஆல்கஹாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடா என்ற காரமும் சேர்த்தால் காய்கள் காம்பைவிட்டு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் பயோடீசல். காம்பு கிளிசரினாகி அடியில் தங்கிவிடும்.

நாங்களும் அப்படியே செய்தோம். காலையில் வந்து பார்த்தால், மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே கறுப்பாகக் கிளிசரின் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டிய பாத்திரத்தில் ஆறிய கஞ்சி போல ஏதோ உறைந்து கிடந்தது. ஒரு பையன் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குச்சியால் எடுத்து, தண்ணீரில் போட்டுக் குலுக்கினான். நுரை பொங்கியது. "சார், வடை வாசனைச் சோப்பு!"

தண்ணீர்தான் காரணம். வடை மாவின் ஈரம் எண்ணெயில் இறங்குகிறது. சுடச்சுட அந்த ஈரமே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்குகிறது. அமிலமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. நம் பாட்டிகளின் காலத்துச் சோப்பு வேலையைத்தான் தெரியாமல் செய்திருக்கிறோம். அடுத்த முறை எண்ணெயை வடிகட்டி, நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, சடசடப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிள்ளைகள் பொறுமை இழந்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். பிறகு அமிலம் எவ்வளவு என்று சோதித்து, அது விழுங்கிவிடும் அளவுக்குச் சோடாவைக் கூட்டினோம். எண்ணெய் அறுபது டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே மெத்தனால் கலந்தோம், ஏனென்றால் அது அறுபத்தைந்திலேயே கொதித்துவிடும். மறுநாள் இரண்டு அடுக்கும் கண்ணாடி போலப் பிரிந்திருந்தன. அந்தத் தேன் நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இறங்கிவிடாதீர்கள். மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. உடலுக்குள் போனால் பார்வையைப் பறிக்கும். நாங்கள் செய்தது ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள், ஆசிரியர் பக்கத்தில் நிற்க.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார். வண்டியைப் பற்றி இரண்டே வார்த்தை: பழைய எஞ்சினில் பயோடீசல் ஊற்றினால் தொட்டியில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்து வடிகட்டியை அடைக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். குளிரில் உறையும் என்ற கவலை நம் ஊரில் இல்லை. 2010இல் உற்பத்தியைத் தொடங்கிய துவாஸில் உள்ள நெஸ்டே நிறுவனத்தின் எரிபொருள் ஆலையும் பழைய எண்ணெயைப் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே மெத்தனால் இல்லை, ஹைட்ரஜன். அதற்காக எழுதி வந்த இரண்டு பக்கமும் என் கையிலேயே இருக்கின்றன. வணக்கம்.