மத்திமத்துக்கு மசியாத நாயனம்

அவையோருக்கு வணக்கம். நாதஸ்வரத்தின் பெருமையை எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் அதில் ஒரே ஒரு சுரத்தைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாயனம் என்றாலும் நாதஸ்வரம்தான்; அதில் பழைய, குட்டையான வகை திமிரி. அந்தத் திமிரி நாயனத்தில் சுத்த மத்திமம், அதாவது ‘ம’ சுரத்தின் தாழ்ந்த வடிவம், லேசில் பேசாது. விரல் வைக்க இருப்பது ஏழு துளை. ஏழு சுரங்களும் நிற்கும் பன்னிரண்டு நிலைகளான சுரஸ்தானங்களையும் அவற்றில்தான் எடுத்தாக வேண்டும். துளையைத் திறந்தால் ஒரு சுரம் தானாக வரும். பக்கத்துச் சுரம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூட வேண்டும், இல்லையென்றால் வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டுப் பிடியைத் தளர்த்த வேண்டும். திமிரியில் மத்திமத்துக்குத் தானாக வந்தது அதைவிட உயர்ந்த பிரதி மத்திமம். அந்த மத்திமமே வருகிற கல்யாணி ராகம் வாசிக்கிறவருக்குக் கவலையில்லை. சுத்த மத்திமம் வேண்டுகிற தோடி ராகத்துக்குப் போனால்தான் வம்பு. விளம்பத்தில், அதாவது மெதுவாக வாசிக்கும்போது, எப்படியோ சமாளித்துவிடலாம். பிருகா என்கிற வேகமான சுர அடுக்குகள் பறக்கும்போது? இறக்கினால் நாதம் மங்கும், விட்டால் சுருதி ஏறி நிற்கும். கேட்கிறவர் வித்வானைத்தான் முறைப்பார். மரத்தை யார் முறைப்பார்கள்?

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடிக்கே பேர்போனவர். இந்தக் குறை அவரை எவ்வளவு உறுத்தியிருக்கும்! அருகிலேயே நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி 1955இல் சுத்த மத்திமம் ஒழுங்காகப் பேசுகிற பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். திமிரியைவிட நீளமான குழல். நாலு, ஐந்து கட்டை சுருதியில் ஒலித்த வாத்தியம் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. வித்வானின் காதும் ஆசாரியின் கையும் ஒன்றாக உட்கார்ந்து செய்த வேலை அது. மேடையில் வித்வான் பெயரைச் சொல்கிற நாம் ஆசாரி பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

சரி, அதோடு தொல்லை தீர்ந்ததா? சீவாளி இருக்கிறதே! வாயில் ஊறினால் இளகும், காய்ந்தால் விறைக்கும்; இரண்டிலும் சுருதி நகரும். நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் துளைகளில் மெழுகு வைத்து அடைப்பதும் சுருதியைச் சரிசெய்யத்தான்.

இப்போது நம் வித்வான் தோடியை முதலில் திமிரியிலும் அப்புறம் பாரியிலும் வாசித்துக் காட்டுவார். மத்திமம் வரும்போது அவர் விரலைப் பார்க்காதீர்கள், உதட்டைப் பாருங்கள்.