நெஞ்சில் நிற்பவர்கள் கதைமாந்தரே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

படித்து மகிழ்ந்த நாவல் நம் நெஞ்சில் நிற்கக் காரணம் கதையோட்டமா, கதைமாந்தரா என்ற வழக்கில், கதைமாந்தரே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1950 முதல் 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னுக்காக வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தது அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலால்தான் என்றார். காத்திருக்க வைத்தது அந்த ஆவல்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிவு தெரிந்த பின்னும் ஐந்து பாகங்களையும் மீண்டும் முதலிலிருந்து படிக்கிறார்களே, அவர்களை இழுப்பது எது? வந்தியத்தேவனோடு வீரநாராயண ஏரிக்கரையில் இன்னொரு முறை பயணம் போக வேண்டும் என்ற ஆசையல்லவா?

அண்மையில் நான் தோய்ந்து படித்தது ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1966-இல் அவர் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் களங்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் நீரை ஊற்றுகிறாள். நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். நடந்ததை வெளியே தெரியாமல் மறைக்கிறாள். பின்னர் வந்த நாவலில் அதே மழை, அதே கார், அதே பெண். தாய் மட்டும் வேறு. இவள் ஊரறிய அலறி அழுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமாவின் ஆதரவில் படித்து, வேலைக்குப் போய், அந்த மாமாவின் பார்வையிலேயே கூசி வாழும் கங்கா, பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கார்க்காரனையே தேடிச் செல்கிறாள். நிகழ்ச்சி ஒன்றுதான், நடுவர் அவர்களே! தாயின் இயல்பு மாறியதும் ஒரு சிறுகதை நாவலாக விரிந்துவிட்டது. தாய் அலறியதும் ஒரு நிகழ்ச்சிதானே என்று எதிரணியினர் கேட்கலாம். அவள் அப்படிப்பட்டவளாக இருந்ததால்தான் அலறினாள் என்பதே என் விடை.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாளைத்தான் சொல்கிறது. திருப்பங்களைத் தேடிப் போகிறவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கந்தனோ புத்தகத்தை மூடிய பின்னும் நம்மை விட்டு அகலுவதில்லை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளும் அப்படித்தான். தன்னைவிட மூத்தவளை ஓர் இளைஞன் விரும்புகிறான் என்று கதையைச் சொல்லி முடித்துவிடலாம். பாபுவின் காதலை மறுத்துவிட்டு, வறுமையிலும் தலைகுனியாமல் நடந்து, பின்னொரு நாளில் தானே முடிவெடுக்கும் யமுனாவை அப்படி ஒரு வரியில் சொல்லிவிட முடியுமா? அந்த நாவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய நிமிர்வு. நிகழ்ச்சிகளின் வரிசை அதற்குப் பின்தான்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கங்கா எப்படிப்பட்டவள், அவள் தாய் எப்படிப்பட்டவள் என்று ஒரு சொல்லும் சொல்லாமல், அந்த நாவலின் நிகழ்ச்சிகளை மட்டும் இந்த அவைக்குச் சொல்லிக் காட்டட்டும். அதைக் கேட்ட பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.