301 புளியங்கொட்டை

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நேற்று மாலையிலிருந்து எனக்குக் கோபம் இறங்கவே இல்லை. ஆறாவது படிக்கும் என் மகள் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். 301 என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் 721 என்று திருத்தம்.

கேள்வி இதுதான். கூடையில் இருக்கும் முட்டைகளை இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக, ஐந்தைந்தாக, ஆறு ஆறாக எப்படி எடுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஏழு ஏழாக எடுத்தால் மிச்சமில்லை. எத்தனை முட்டை?

மிஞ்சும் ஒன்றை ஓரமாக வைத்துவிட்டால் மற்றவை 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் வகுபட வேண்டும். மீ.பொ.ம., அதாவது இவை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண், 60. அப்படியானால் 61, 121, 181, 241, 301. ஏழால் வகுத்தால் மீதி 5, 2, 6, 3, அப்புறம் 0. எவ்வளவு அழகான வழி! இந்த மாதிரி மீதிக் கணக்குகளுக்கு ஆரியபட்டர் கி.பி. 499-லேயே குட்டகம் என்ற முறையைச் சொல்லியிருக்கிறார். இவளுக்கு மீ.பொ.ம.வே போதும்.

மீ.பொ.ம. பார்க்காமல் ஐந்து எண்களையும் பெருக்கினால் 720. ஒன்று கூட்டினால் 721, அதுவும் 7 × 103. கண்ணை மூடிக்கொண்டு பெருக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்குத் தெரியும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். கேள்வியில் 'மிகச்சிறிய எண்' என்ற சொல்லே இல்லை! அப்படியென்றால் 301, 721 இரண்டுமே சரி. 301-உடன் 420 (60 × 7) கூட்டிக்கொண்டே போனால் வருவதெல்லாம் விடைதான்.

சரி, கொட்டைக்கு வருகிறேன். "நிஜமாவே வருமாம்மா?" என்று அழுதாள். போன மாதம் புளி சுத்தம் செய்த வீடியோவில் பல்லாங்குழிக்கென்று எடுத்துவைத்தேனே, அந்த டப்பாவை இறக்கி 301 எண்ணினேன். சமையலறைத் தரையில் இரண்டிரண்டாக அடுக்கினோம். ஒன்றும் மிஞ்சவில்லை! மும்மூன்றாக அடுக்கினாலும் சரியாக முடிகிறது. எனக்கு வியர்த்துவிட்டது. ஏழு ஏழாக அடுக்கினால் ஆறு மிஞ்சுகிறது. அரை மணி நேரம் இதே பாடு.

அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, எல்லாத்துலயும் ஒண்ணு குறையுது. நீ தப்பா எண்ணியிருக்கே, இல்லேன்னா ஒண்ணு உருண்டிருக்கு."

சிலிண்டருக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுத்துவந்து அவளே வைத்தாள். 43-ஆவது வரிசை நிரம்பியது. நாளைக் காலை அந்த நோட்டோடு நானும் பள்ளிக்கூடம் போகிறேன்.