விழும் பெரிய கம்பெனிக்கு அரசு பணம் கொடுக்கலாமா? ஜெனரல் மோட்டார்ஸ் கதை

[திரையில்: வாஷிங்டன். நாடாளுமன்ற விசாரணை அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.]

2008 நவம்பர் 19. அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனித் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ரிக் வேகனர், ஃபோர்டின் ஆலன் முலாலி, கிரைஸ்லரின் ராபர்ட் நார்டெல்லி. கேட்டு வந்திருப்பது 2,500 கோடி டாலர் கடன். அதுவும் மக்களின் வரிப்பணத்திலிருந்து.

பிராட் ஷெர்மன் என்ற உறுப்பினர் அவர்களிடம் ஒன்று கேட்கிறார். இங்கே சாதாரணப் பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்கிறார். ஒரு கையும் எழவில்லை. சரி, ஜெட்டை விற்றுவிட்டுப் பயணிகள் விமானத்தில் ஊர் திரும்பப் போகிறவர்கள்? அதற்கும் யாரும் கை தூக்கவில்லை. மூவரும் ஆளுக்கொரு தனி ஜெட்டில் வந்திருந்தார்கள்.

டிவியில் இதைப் பார்த்த ஜனங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமான கோபம். இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் அதே கோபம் வரும். ஆனாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். யாரிடம் என்ன வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

[திரையில்: பெட்ரோல் பங்க் விலைப் பலகை, 2008.]

ஜெனரல் மோட்டார்ஸ், சுருக்கமாக ஜி.எம்., எப்படி இந்த நிலைக்கு வந்தது? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஜி.எம். தயாரிப்பு. 2008இல் அது கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. லாபமெல்லாம் பெரிய பெரிய எஸ்யூவிகளில். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதும் அந்த வண்டிகளை வாங்க ஆளில்லை. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்ததும் கார் கடன் கிடைப்பதே நின்றுபோனது. அந்த ஒரு வருடத்தில் ஜி.எம்.மின் நஷ்டம் 3,090 கோடி டாலர்.

வண்டி விற்காதது காலத்தின் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நிர்வாகம் வருடக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்படியானால் விழட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானே?

குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ராம்னி அதைத்தான் எழுதினார். அவருடைய அப்பா ஜார்ஜ் ராம்னி, அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டில் கார் கம்பெனி நடத்தியவர். கடனை அடைக்க முடியாத கம்பெனி நீதிமன்றத்துக்குப் போகட்டும், அங்கே சுமையைக் குறைத்துக்கொண்டு மீண்டும் எழட்டும் என்பது ராம்னியின் வாதம். சாதாரண நாளில் இது நல்ல வாதம். அமெரிக்கச் சட்டத்தில் திவால் என்றால் கதவைப் பூட்டுவது என்று மட்டும் அர்த்தம் இல்லை. வழக்கு நடக்கும்போதே ஆலை ஓடலாம். ஆனால் ஓட வேண்டுமென்றால் சம்பளத்துக்கும் சரக்குக்கும் அன்றாடம் பணம் வேண்டும். வழக்கமாக அதை வங்கிகள் கொடுக்கும். 2008 குளிர்காலத்தில் வங்கிகளே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தன. அரசைத் தவிர அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க ஆளே இல்லை. கொடுக்காவிட்டால் நீதிமன்றத்தில் நடந்திருக்கப் போவது மறுசீரமைப்பு இல்லை, ஏலம்.

[திரையில்: ஒரு சிறிய பட்டறை. பிரஸ் மெஷினிலிருந்து ஒரு உலோகத் துண்டு விழுகிறது. அது சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம்.]

இப்போது இந்தத் துண்டைப் பாருங்கள். காரில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறோமே, அதற்கு அடியில் இருப்பது. இதை ஜி.எம். செய்வதில்லை, ஒரு சப்ளையர் செய்கிறார். அவர் இன்று அனுப்பும் சரக்குக்குப் பணம் வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவரை எல்லாம் கடன்தான். கார் கம்பெனி திவாலானால் அனுப்பிய சரக்கின் பில், கடன்காரர்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இரண்டு மாத பில் வராத பட்டறை அடுத்த மாதம் சம்பளம் எப்படிப் போடும்?

அதே சப்ளையர் ஃபோர்டுக்கும் டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் சரக்கு அனுப்புகிறவர். அவர் கடையைச் சாத்தினால் ஃபோர்டின் லைனும் நிற்கும். ஒரே ஒரு துண்டு வராவிட்டால்கூட முழுக் காரும் வெளியே வராது.

முலாலி அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஃபோர்டுக்கு அப்போது அவசரப் பணம் தேவைப்படவில்லை. இரண்டு வருடம் முன்பே, 2006இல், ஆலைகளிலிருந்து அந்த நீல நிற முட்டை வடிவ லோகோ வரை அடகு வைத்து 2,360 கோடி டாலர் திரட்டி வைத்திருந்தார்கள். முன்யோசனையோடு இருந்த அந்த மனிதர், தன் போட்டியாளர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் வந்து பேசினார். அவர்கள் விழுந்தால் நாங்களும் விழுவோம் என்று அவருக்குத் தெரியும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு மறைமலை நகர் ஆலையை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஆலைக்குள் இருந்தவர்களோடு அந்த வண்டிகளுக்குப் பாகம் செய்துகொண்டிருந்த சிறு நிறுவனங்களும் சேர்ந்து தவித்தன. டெட்ராய்ட்டில் நடக்க இருந்தது அதைவிடப் பல மடங்கு பெரியது. மூன்று கம்பெனிகளும் சேர்ந்து நின்றுபோனால் முதல் வருடத்திலேயே 30 லட்சம் வேலைகள் போகும் என்று மிச்சிகனில் உள்ள ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி மையம் மதிப்பிட்டது. இதைக் கொஞ்சம் மிகையான எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பாதியாக்குங்கள். அப்போதும் 15 லட்சம் குடும்பங்கள். இதில் ஜெட்டில் போனவர்கள் எத்தனை பேர்?

[திரையில்: 2008 டிசம்பர் நாட்காட்டி. 11, 19, 23 ஆகிய தேதிகளில் வட்டம்.]

டிசம்பர் 11 அன்று செனட்டில் கடன் மசோதா தோற்றது. 19ஆம் தேதி, பதவி முடிய ஒரு மாதமே இருந்த ஜார்ஜ் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து 1,740 கோடி டாலரை ஜி.எம்.முக்கும் கிரைஸ்லருக்கும் எடுத்துக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில்லில் இருந்த ஜி.எம். ஆலையில் கடைசி எஸ்யூவி லைனை விட்டு இறங்கியது. அங்கே 1920களிலிருந்து ஷெவர்லே வண்டிகள் செய்துவந்தார்கள். பணம் வந்தும் அந்த ஊருக்கு ஒன்றும் வரவில்லை. இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒபாமா வந்தார். ஸ்டீவன் ராட்னர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டார். கம்பெனிகள் கொடுத்த திட்டம் போதாது என்று 2009 மார்ச்சில் திருப்பி அனுப்பினார்கள். வேகனர் பதவி விலக வேண்டியதாயிற்று. ஜூன் 1 அன்று ஜி.எம். திவால் நீதிமன்றத்துக்குப் போனது. ராம்னி சொன்ன அதே நீதிமன்றம்தான், ஆனால் அரசின் பணத்தோடு. நாற்பது நாளில், ஜூலை 10 அன்று, நல்ல சொத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு புது ஜி.எம். வெளியே வந்தது.

யார் எதை இழந்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சுமார் 2,700 கோடி டாலர் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் புதிய கம்பெனியில் 10 சதவீதம். அமெரிக்க அரசுக்கு 61 சதவீதம். பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் என்ற பெயர்களெல்லாம் மறைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீலர்கள் கழற்றிவிடப்பட்டார்கள்.

கம்பெனி பிழைத்தது, முதலாளி பிழைக்கவில்லை. காப்பாற்றுவதென்றால் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும். இதே சமயத்தில் ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு 17,000 கோடி டாலருக்கு மேல் அரசு ஆதரவு போயிருந்தது. அதன் பிறகும் 2009 மார்ச்சில், அந்த நிறுவனத்தை நாசமாக்கிய பிரிவின் ஆட்களுக்கே 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தார்கள். காப்பாற்றுவது என்ற பேச்சே மக்களுக்குக் கசந்துபோனதற்கு இந்த மாதிரிக் காரியங்கள்தான் காரணம்.

சரி, கார் கம்பெனி விஷயத்தில் எல்லாம் நியாயமாக நடந்ததா? இல்லை. கிரைஸ்லருக்குப் பிணையம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்கு டாலருக்கு 29 சென்ட்தான் கிடைத்தது. அவர்களில் இண்டியானா மாநில ஆசிரியர்கள், போலீஸ்காரர்களின் ஓய்வூதிய நிதியும் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தொழிலாளர் பக்கம், புதிதாகச் சேருபவர்களுக்கு மணிக்கு சுமார் 14 டாலர், அதாவது பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்கும் பழைய ஆளின் சம்பளத்தில் பாதி. விலைவாசிக்கேற்ற சம்பள உயர்வையும் 2009இல் விட்டுக்கொடுத்தார்கள். கம்பெனி மறுபடி லாபத்துக்கு வந்தது 2010இல். அந்த உயர்வு திரும்பக் கிடைத்தது 2023இல், அதுவும் ஆறு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த பிறகு.

[திரையில்: கார் சாவி துளையில் மெல்லத் திரும்புகிறது. அதில் கனமான சாவிக்கொத்து தொங்குகிறது.]

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஷெவர்லே கோபால்ட் போன்ற வண்டிகளில் சாவி போடும் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங். அது பலமில்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினால், அல்லது முட்டி பட்டால், ஓடும் வண்டியில் சாவி தானாகப் பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும், மோதினால் ஏர்பேக் விரியாது. ஜி.எம்.முக்குள் சிலருக்கு இது 2005 வாக்கிலேயே தெரியும். வண்டிகளைத் திரும்ப அழைத்தது 2014இல். சுமார் 26 லட்சம் வண்டிகள். 124 பேர் இறந்ததாக ஜி.எம்.மின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது.

அப்போதுதான் அந்த நாற்பது நாள் ஏற்பாட்டின் இன்னொரு முகம் தெரிந்தது. 2009 ஜூலை 10க்கு முந்தைய விபத்துகளுக்குப் புதிய கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதப்பட்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வழக்குப் போடலாம், ஆனால் யார் மேல்? சொத்தெல்லாம் போய் வெறும் கூடாக நின்ற பழைய ஜி.எம். மேல். பிறகு இழப்பீட்டு நிதி அந்த விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தக் கேடயம் இந்த வழக்குகளுக்குச் செல்லாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அதுவரை அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. அவசரமாக ஒரு கம்பெனியைக் காப்பாற்றும்போது, அந்த அறையில் இல்லாதவர்களின் உரிமைதான் முதலில் கைவிட்டுப் போகிறது.

[திரையில்: ஏர் இந்தியா விமானம், மும்பை.]

நம் நாட்டில் ஏர் இந்தியாவைப் பாருங்கள். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்த பிறகு நஷ்டம் நிற்கவே இல்லை. 2009-10 முதல் அரசு கொடுத்த பணமும் உத்தரவாதமும் சேர்த்து 1.1 லட்சம் கோடி ரூபாய். கடைசியில் 2021 அக்டோபரில் டாடாவுக்கு 18,000 கோடிக்குக் கொடுத்தார்கள், அதிலும் அரசின் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. இங்கே பணம் கொடுத்ததும் அரசு, வாங்கியதும் அரசு. இந்தத் தேதிக்குள் தேறாவிட்டால் இன்னது நடக்கும் என்று சொல்ல எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. ஜி.எம்.முக்கு அந்தத் தேதி இருந்தது, கேட்டவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்க அரசு தன் கையிலிருந்த கடைசி ஜி.எம். பங்கை 2013 டிசம்பர் 9 அன்று விற்றது. போட்டது 4,950 கோடி டாலர். திரும்பியது சுமார் 3,900 கோடி. ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைத் தொட்ட வருடத்தில் இன்னும் பல லட்சம் பேர் தெருவுக்கு வராமல் தடுத்ததற்கு அது கொடுக்கக்கூடிய விலைதான் என்பேன்.

[திரையில்: ஒஹாயோ, லார்ட்ஸ்டவுன் ஆலை. காலியான கார் நிறுத்துமிடம்.]

2009 செப்டம்பரில் ஒபாமா இந்த லார்ட்ஸ்டவுன் ஆலைக்கு வந்து, தொழிலாளர்கள் நடுவே நின்று பேசினார். காப்பாற்றிய பணத்தின் பலனைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம் இது. 2018 நவம்பரில், இந்த ஆலைக்கு இனி வேலை கிடையாது என்று ஜி.எம். அறிவித்தது. அந்த வருடம் கம்பெனியின் லாபம் சுமார் 800 கோடி டாலர். அரசின் கையில் ஒரு பங்கும் இல்லை, ஆலையை மூடாதே என்று சொல்ல ஒரு நிபந்தனையும் மிச்சமில்லை. 2019 மார்ச் 6 அன்று கடைசி ஷெவர்லே குரூஸ் லைனை விட்டு இறங்கியது. ஜேன்ஸ்வில்லில் நடந்தது போலவே.